எந்த லேயர், எந்த இடம்? ஃபோட்டோஷாப்பில் பிசகாமல் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காதணி விழாவுக்கான பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நடுவில் குழந்தை, இருபுறமும் தாய்மாமன்மார், மேல் வரிசையில் தாத்தா பாட்டிகள், கீழே பங்காளிகள், மாமன் மச்சான்கள் என்று மொத்தம் 34 முகங்கள். ஒவ்வொரு முகமும் ஒரு லேயர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, தனித்தனியே நகர்த்தக்கூடிய ஓர் அடுக்கு. முகத்துக்குக் கீழே பெயர் ஒரு லேயர். பெயருக்குப் பின்னால் இருக்கும் வண்ணப் பட்டை இன்னொரு லேயர். கோபுரம், பூவேலை, ஒளிவட்டம் எல்லாம் சேர்ந்தால் நூற்றைத் தாண்டிவிடும். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர், "தம்பி, பெரிய மாமன் படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்" என்கிறார். மவுஸை வைத்து இழுக்கிறீர்கள். நகர்வது சித்தப்பாவின் பெயர்.

மதுரை சிம்மக்கல்லில் வடிவமைப்பு வேலை கற்றுக்கொண்ட காலத்தில் எனக்கு இது நாள்தோறும் நடந்தது. ஒருமுறை நகர்ந்ததைக் கவனிக்காமலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தாய்மாமனின் பெயர் வேறொருவர் படத்துக்கு அடியில் போய் நின்றது. காதணி விழாவில் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தச் செய்வது தாய்மாமனின் உரிமை. சீர் சுமந்து வருபவர் அவர். பந்தல் வாசலில் அந்தப் பெயர் இடம் மாறி நின்றதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் தாய்தான் கண் கலங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தேர்ந்தெடுப்பது என்ற இந்தச் சின்ன வேலையை அதற்குப் பிறகுதான் முறையாகக் கற்றேன். கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸ் கணினிக்கான விசைகளையே சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியும் முடிச்சும்

ஃபோட்டோஷாப்பில் தேர்ந்தெடுப்பது என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகள். ஒன்று, லேயரைத் தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, லேயருக்குள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் புதியவர்களின் தொல்லைகளில் பெரும்பகுதி தொடங்குகிறது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கச் சுங்குடியே போதும். சுங்குடிச் சேலையில் துணியைச் சின்னச் சின்னதாகப் பிடித்து நூலால் முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கினால் முடிச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. எந்தத் துணியைக் கையில் எடுத்தோம் என்பது ஒரு கேள்வி. அந்தத் துணியில் எங்கே முடிச்சுப் போட்டோம் என்பது வேறு கேள்வி. லேயர் என்பது துணி. பகுதித் தேர்வு என்பது சாயம் எங்கே ஏறலாம், எங்கே ஏறக் கூடாது என்று வரையறுக்கும் முடிச்சு. முடிச்சை எவ்வளவு அழகாகப் போட்டாலும் துணி தவறினால் வேலை தவறிவிடும்.

இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. எல்லா லேயர்களையும் வரிசையாகப் பட்டியலிடும் லேயர்ஸ் பேனலில் எந்த வரி நிறம் மாறித் தெரிகிறதோ அதுதான் உங்கள் கையில் இருக்கும் துணி. பேனல் காணாமல் போயிருந்தால் எஃப் 7 விசை அதைக் கொண்டுவரும். படத்தின் மேல் எறும்பு ஊர்வது போல ஓடும் புள்ளிக்கோடு பகுதித் தேர்வைக் காட்டுகிறது. எந்தக் கட்டளையையும் கொடுக்கும் முன் இந்த இரண்டு இடங்களையும் கண்ணால் ஒருமுறை தொட்டுவிடுங்கள். புள்ளிக்கோடு தாத்தாவின் முகத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும், பேனலில் கோபுர லேயர் தேர்வாகி இருக்கும். அப்போது டெலிட் விசையைத் தட்டினால் கோபுரத்தில் தாத்தாவின் தலை வடிவில் ஓட்டை விழும். தாத்தா மேலே நின்று அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டிருப்பதால் உடனே தெரியாது. அவரை நகர்த்தும் அன்றுதான் தெரியும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியது

சரியான லேயரைப் பிடிப்பதில் பாதி வேலை, பிடிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. லேயர்களுக்குப் பெயர் வையுங்கள். "லேயர் 14 காப்பி 3" என்ற பெயரில் 30 முகங்கள் இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. பேனலில் பெயரின் மேல் இரட்டைக் க்ளிக் செய்து தமிழிலேயே எழுதலாம். உறவுமுறையையே பெயராக வைப்பது என் வழக்கம்: பெரிய மாமன், சின்ன மாமன், அப்பத்தா, அம்மாச்சி. வாடிக்கையாளர் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக் கேட்பார்.

எழுத்து லேயர்களுக்கு இது இன்னும் அவசியம். நம் ஊர்க் கடைகளில் யுனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்கள் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. எழுத்து லேயரின் பெயரை ஃபோட்டோஷாப் அதன் உள்ளடக்கத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அதனால் படத்தில் "மதுரை" என்று அழகாகத் தெரிந்தாலும், பேனலில் கே, ஜே, ஐ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் நிற்கும். 34 பெயர்களும் இப்படி நின்றால் யாருடையது எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. என் தவறு நடந்ததும் இப்படிப்பட்ட ஒரு கோப்பில்தான். பாமினியில் அடிப்பவர்கள் எழுத்து லேயரின் பெயரைக் கையால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஒருவருக்கு உரிய மூன்று லேயர்களையும், அதாவது படம், பெயர், பட்டை மூன்றையும், சேர்த்துத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலுடன் ஜி அழுத்தி ஒரே குழுவாக்குங்கள். குழுவுக்கு அவருடைய உறவுமுறைப் பெயர். இனி அவரை நகர்த்தினால் பெயரும் கூடவே வரும். பெயரும் முகமும் பிரியாமல் இருக்க இதைவிட நல்ல காப்பு இல்லை.

பின்னணியில் இருக்கும் கோபுரம், ஒளிவட்டம் போன்றவை இனி நகரக் கூடாது என்று முடிவானதும் பேனலின் மேல்பகுதியில் இருக்கும் பூட்டுச் சின்னத்தை அழுத்திப் பூட்டிவிடுங்கள். பூட்டிய லேயர் கை தவறிப் பட்டாலும் நகராது.

படத்தின் மேலேயே லேயரைப் பிடிப்பது

வி விசையை அழுத்தினால் மூவ் டூல் வரும். மேலே உள்ள பட்டையில் ஆட்டோ செலெக்ட் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால், படத்தில் நீங்கள் எங்கே க்ளிக் செய்கிறீர்களோ, அந்த இடத்தில் மேலாக இருக்கும் லேயர் தானாகவே தேர்வாகும். கேட்பதற்கு வசதியாக இருக்கிறது. மேலாக இருப்பதுதான் நீங்கள் விரும்பியது என்று யார் சொன்னது? முகத்துக்கு மேல் மெல்லிய ஒளிக்கீற்று ஒரு லேயராக விழுந்திருக்கும். பூத்தூவல் ஒரு லேயராகப் படர்ந்திருக்கும். மாமனைத் தொட்டதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள், கைக்கு வந்தது பூத்தூவல்.

ஆட்டோ செலெக்ட்டை அணைத்து வைக்கவே நான் சொல்வேன். பெரிய கோப்புகளில் இதில் சமரசம் வேண்டாம். அணைத்த பிறகு, பேனலில் எந்த லேயர் தேர்வாகி இருக்கிறதோ அதுதான் நகரும், மவுஸ் எங்கே இருந்தாலும் சரி. படத்திலிருந்தே வேறொன்றைப் பிடிக்க வேண்டும் என்றால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு அதன் மேல் க்ளிக் செய்யுங்கள். அந்த ஒரு க்ளிக்குக்கு மட்டும் தானியங்கித் தேர்வு வேலை செய்யும். கண்ட்ரோலுடன் ஷிஃப்ட்டையும் சேர்த்து அடுத்தடுத்து க்ளிக் செய்தால் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வரும்.

ஆட்டோ செலெக்ட்டுக்குப் பக்கத்தில் லேயர், குரூப் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குரூப் என்று வைத்தால் முகத்தைத் தொட்டாலே அவருடைய முழுக் குழுவும் தேர்வாகும். வரிசையை ஒழுங்குபடுத்தும்போது குரூப், ஒருவரின் பெயரை மட்டும் சரிசெய்யும்போது லேயர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் நம்பும் வழி இன்னொன்று. மூவ் டூல் கையில் இருக்கும்போது படத்தின் மேல் வலது க்ளிக் செய்யுங்கள். அந்தப் புள்ளிக்கு அடியில் எந்தெந்த லேயர்களில் படம் இருக்கிறதோ அவற்றின் பெயர்கள் எல்லாம் ஒரு சின்னப் பட்டியலாக விரியும். பூத்தூவல், ஒளிக்கீற்று, பெரிய மாமன், கோபுரம் என்று வரிசையாக நிற்கும். வேண்டியதைச் சொடுக்கினால் அது தேர்வாகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து லேயர்கள் குவிந்த இடத்தில் இதைவிட விரைவான வழி இல்லை. பெயர் வைக்கும் வேலையின் பலன் முழுவதும் இந்தப் பட்டியலில்தான் கிடைக்கிறது.

பேனலில் தேர்ந்தெடுப்பது

பேனலில் ஒரு வரியைத் தொட்டு, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு வேறொரு வரியைத் தொட்டால் இடையில் உள்ள எல்லாம் தேர்வாகும். விட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கண்ட்ரோல். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழாதவர்கள் குறைவு. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு லேயரின் பெயரைத்தான் தொட வேண்டும். பெயருக்கு இடதுபுறம் உள்ள சின்னப் படத்தைத் தொட்டால் நடப்பது வேறு: அந்த லேயரில் உள்ள உருவத்தின் விளிம்பு முழுவதும் பகுதித் தேர்வாக மாறிப் புள்ளிக்கோடு ஓடத் தொடங்கும். துணியை எடுக்கப் போனவர் முடிச்சுப் போட்டுவிட்டார். தேவைப்படும்போது இது அருமையான வசதி. வெட்டிய உருவத்தின் வடிவத்தில் நிழல் போட இதைத்தான் பயன்படுத்துகிறேன். தெரியாமல் நடந்தால் கண்ட்ரோலுடன் டி அழுத்தித் தேர்வை நீக்கிவிடுங்கள்.

பல லேயர்களை இப்படி ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கும் வசதி 2005இல் வந்த சிஎஸ் 2 பதிப்பிலிருந்துதான் கிடைத்தது. லேயர் என்பதே 1994இல் வந்த 3.0 பதிப்பில் பிறந்தது. 7.0 பதிப்பை இன்னும் விடாத கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்பவர்கள் சங்கிலிச் சின்னத்தால் லேயர்களை இணைத்து நகர்த்துவது ஒன்றே வழி.

கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லா லேயர்களும் தேர்வாகும், பூட்டிய பேக்ரவுண்ட் லேயர் மட்டும் சேராது. ஆல்ட்டுடன் சதுர அடைப்புக்குறி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு லேயராக மேலும் கீழும் ஏறி இறங்கலாம். கண்ட்ரோலுடன் அதே அடைப்புக்குறிகளை அழுத்தினால் லேயரே மேலும் கீழும் இடம் மாறிவிடும். விரல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலின் தலைப்பகுதியில் உள்ள வடிகட்டி, 2012இல் வந்த சிஎஸ் 6இலிருந்து இருக்கிறது. பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எனக்கு அது பெரிய துணை. வாடிக்கையாளர் கடைசி நேரத்தில், "எல்லாப் பெயரையும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?" என்று கேட்பார். வடிகட்டியில் எழுத்தைக் குறிக்கும் சின்னத்தை அழுத்துங்கள். பேனலில் எழுத்து லேயர்கள் மட்டும் நிற்கும். முதல் பெயரைத் தொட்டு, ஷிஃப்ட்டுடன் கடைசிப் பெயரைத் தொடுங்கள். டி விசையால் டைப் டூலை எடுங்கள். படத்தின் மேல் க்ளிக் செய்யாமல், மேலே உள்ள பட்டையில் மட்டும் அளவை மாற்றுங்கள். 34 பெயர்களும் ஒரே நேரத்தில் மாறும். விழாத் தலைப்பும் எழுத்து லேயர்தான், அது பட்டியலில் சேர்ந்திருந்தால் கண்ட்ரோலுடன் தொட்டு முதலில் விலக்கிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வடிகட்டியின் வலது ஓரத்தில் சிவப்பாகத் தெரியும் சின்ன விசையை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் படங்கள் எல்லாம் பேனலிலிருந்து காணாமல் போனது போல இருக்கும். என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன், கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு பிற்பகல் முழுவதையும் புதிதாகச் செய்வதில் செலவழித்தான்.

இது எந்த லேயரில் இருக்கிறது என்றே தெரியாத பொருளுக்குக் கண் சின்னம் உதவும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஒரு லேயரின் கண் சின்னத்தைத் தொட்டால் மற்றவை எல்லாம் மறைந்து அது மட்டும் தெரியும். மறுபடி அப்படியே தொட்டால் எல்லாம் திரும்பிவிடும்.

பகுதியைத் தேர்ந்தெடுப்பது

இனி முடிச்சு. கைப்பேசியில் எடுத்த குடும்பப் படங்கள் வருகின்றன. ஒவ்வொருவரையும் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். 2018இலிருந்து செலெக்ட் மெனுவில் சப்ஜெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. 2019 இறுதியில் ஆப்ஜெக்ட் செலெக்ஷன் டூல் வந்தது. டபிள்யூ விசையில் அதுவும் க்விக் செலெக்ஷனும் மேஜிக் வாண்டும் ஒரே இடத்தில் இருக்கும். படத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் சப்ஜெக்ட் போதும். கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து அப்பத்தாவை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் ஆப்ஜெக்ட் செலெக்ஷன். அவரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் உருவத்தின் விளிம்பை அதுவே கண்டுபிடிக்கும். விடுபட்டதை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு சேர்க்கலாம், கூடுதலாக வந்ததை ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நீக்கலாம். இந்த இரண்டு விசைகளும் எல்லாப் பகுதித் தேர்வுக் கருவிகளுக்கும் பொது.

இந்தக் கருவிகள் நிறைய உழைப்பை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் நம் ஊர்ப் படங்களில் அவை தடுமாறும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில்தான் வடிவமைப்பாளரின் கை தேவைப்படுகிறது.

முதலாவது, வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை வேட்டி சட்டையுடன் நிற்கும் பெரியவர். தோளும் சுவரும் ஒரே நிறம். எந்தத் தானியங்கிக் கருவியானாலும் தோளைக் கடித்துவிடும் அல்லது சுவரையும் சேர்த்துக்கொள்ளும். இங்கே பென் டூல்தான். பி விசை. கோடு போட்டு உருவத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியில் முடித்து, கண்ட்ரோலுடன் எண்டர் அழுத்தினால் கோடு தேர்வாக மாறும். வேட்டியின் கரை, துண்டின் மடிப்பு, குத்துவிளக்கின் தண்டு, ஜல்லிக்கட்டுக் காளையின் கொம்பு ஆகியவற்றின் விளிம்பு தெளிவானது. தெளிவான விளிம்புக்குப் பென் டூல் தரும் நேர்த்தியை வேறெதுவும் தருவதில்லை. பழக ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தைக் கொடுங்கள்.

இரண்டாவது, அதே வெள்ளைச் சுவரின் முன் சுங்குடிச் சேலை. சுவரை நீக்க மேஜிக் வாண்டால் தொடுகிறீர்கள். கன்டிக்யுவஸ் என்ற கட்டத்தில் குறி இல்லாவிட்டால், படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அத்தனையும் தேர்வாகும். சேலையின் புள்ளிகள் எல்லாம் சுவரோடு சேர்ந்து போய்விடும். திரையில் புள்ளியின் இடத்தில் பின்னணியின் வெளிர்நிறம் தெரிவதால் கவனிக்கத் தோன்றாது. பத்தடி ஃப்ளெக்ஸில் சேலை சல்லடையாக நிற்கும். குறியைப் போட்டுவிட்டால், தொட்ட இடத்தோடு ஒட்டியிருக்கும் வெள்ளை மட்டுமே தேர்வாகும். டாலரன்ஸ் என்ற எண் 0 முதல் 255 வரை போகும், தொடக்கத்தில் 32 இருக்கும். எண் கூடக்கூட நிற வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு அதிகப் பகுதியைச் சேர்க்கும். சுவரில் நிழல் விழுந்திருந்தால் எண்ணைக் கூட்டுவதைவிட, குறைந்த எண்ணிலேயே ஷிஃப்ட்டுடன் பல முறை தொடுவது பாதுகாப்பு.

மூன்றாவது, கோபுரம். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை வெட்டி எடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் வானத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கப் பார்ப்பார்கள். வழி சரிதான். ஆனால் கோபுரத்துச் சுதை உருவங்களில் நீலமேனி கொண்டவர்கள் எத்தனை பேர்! கன்டிக்யுவஸ் குறி இல்லாமல் வானத்தைத் தொட்டால் அவர்களும் வானத்தோடு போய்விடுவார்கள். குறியைப் போட்டு வானத்தைத் தொடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, உச்சியில் கலசங்களுக்கு இடையிலும், ஓரத்து உருவங்களின் கை இடுக்கிலும் அடைபட்டு நிற்கும் வானத் துண்டுகளை ஷிஃப்ட்டுடன் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேருங்கள். முடிந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் அழுத்தினால் தேர்வு தலைகீழாகி, வானத்துக்குப் பதில் கோபுரம் தேர்வாகும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினம். தலை நிறைய மல்லிகை வைத்த பெண்கள். மதுரையில் ஒரு விழாப் படம் மல்லிகை இல்லாமல் வருமா? கூந்தலின் விளிம்பு மென்மையானது, மயிரிழைகள் பறக்கும். மொட்டின் விளிம்பு அழுத்தமானது. இரண்டும் ஒரே இடத்தில் பின்னிக்கிடக்கின்றன. கூந்தலுக்கு ஏற்றது கண்ட்ரோல், ஆல்ட், ஆர் விசைகளில் திறக்கும் செலெக்ட் அண்ட் மாஸ்க். அதில் ரிஃபைன் எட்ஜ் தூரிகையால் மயிரிழைகள் பறக்கும் ஓரத்தைத் தடவினால் இழைகளைப் பிரித்தெடுக்கும். அதே தூரிகையை மல்லிகைச் சரத்தின் மேலும் ஓட்டினால் மொட்டுகள் பாதி ஒளி ஊடுருவும் பொருளாகிப் புகை போலக் கலைந்துவிடும். ஆகவே தூரிகையைக் கூந்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூவை லாஸோ கருவியாலோ பென் டூலாலோ தனியாக, மொட்டு மொட்டாகச் சுற்றி வந்து ஷிஃப்ட்டுடன் சேருங்கள். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். அந்தப் பெண் பந்தலில் தன் படத்தைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது அந்தப் பூவைத்தான். அந்தக் கால் மணி நேரம் அவருக்கு உரியது.

வெட்ட வேண்டாம், மறைத்தால் போதும்

தேர்வு தயாரானதும் பலர் டெலிட் விசைக்குப் போகிறார்கள். அழித்தது அழிந்ததுதான். அதற்குப் பதில் பேனலின் அடியில் உள்ள மாஸ்க் சின்னத்தை அழுத்துங்கள். தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் தெரியும், மற்றது மறைந்திருக்கும். நாளைக்கு அப்பத்தாவின் தோடு வெட்டுப்பட்டிருப்பது கண்ணில் பட்டால் வெள்ளைத் தூரிகையால் மாஸ்க்கில் தடவி மீட்டுவிடலாம். கறுப்பால் தடவினால் மறையும்.

மாஸ்க் வந்த பிறகு லேயரின் வரியில் இரண்டு சின்னப் படங்கள் இருக்கும். எதைச் சுற்றி மெல்லிய சட்டம் தெரிகிறதோ அதில்தான் உங்கள் தூரிகை வேலை செய்யும். முகத்தை வெளிச்சமாக்கப் போய் மாஸ்க்கைக் கெடுத்தவர்கள் பலர். இதையும் தேர்ந்தெடுப்பதன் ஒரு பகுதியாகவே நினையுங்கள்.

மாஸ்க் போடும் முன், செலெக்ட் மெனுவில் மாடிஃபை என்பதற்குள் உள்ள கான்ட்ராக்ட் கட்டளையால் தேர்வை ஒரு பிக்ஸல் உள்வாங்குங்கள். பழைய பின்னணியின் வெள்ளைக் கோடு விளிம்பில் ஒட்டி வருவது பெரும்பாலும் நின்றுவிடும். தேர்வு சரியாக இருக்கிறதா என்ற ஐயம் இருந்தால் க்யூ விசையை அழுத்துங்கள். தேர்வாகாத பகுதி சிவப்புத் திரையால் மூடப்பட்டுத் தெரியும். புள்ளிக்கோட்டில் தெரியாத ஓட்டைகள் சிவப்பில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மறுபடி க்யூ அழுத்தினால் பழைய நிலை. மல்லிகைக்கு உழைத்தது போன்ற பெரிய தேர்வுகளை செலெக்ட் மெனுவில் உள்ள சேவ் செலெக்ஷன் மூலம் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள்.

ஒன்றும் நடக்கவில்லையா?

தூரிகையை ஓட்டினால் நிறம் விழவில்லை என்றால், எங்கோ மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் பகுதித் தேர்வு மிச்சம் இருக்கலாம். கண்ட்ரோலுடன் ஹெச் தெரியாமல் பட்டிருந்தால் புள்ளிக்கோடு மறைந்திருக்கும், தேர்வு மட்டும் உயிரோடு இருக்கும். கண்ட்ரோலுடன் டி அழுத்தி முதலில் அதை நீக்குங்கள். தேர்ந்தெடுத்த இடம் காலியாக இருக்கிறது என்று மென்பொருள் சொன்னால் முடிச்சு சரி, துணி தவறு. பேனலில் சரியான லேயரைத் தொட்டுவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். புள்ளிக்கோடு அப்படியே இருப்பதால் மறுபடி வரைய வேண்டியதில்லை.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. மேஜிக் வாண்ட் போன்ற கருவிகளின் பட்டையில் சாம்பிள் ஆல் லேயர்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறி இருந்தால் கருவி எல்லா லேயர்களையும் பார்த்து விளிம்பைக் கண்டுபிடிக்கும். ஆனால் அழிப்பதும் நிறம் தீட்டுவதும் தேர்வான லேயரில் மட்டுமே நடக்கும். பார்க்கும் துணி வேறு, தொடும் துணி வேறு என்ற நிலை இது. தெரிந்தே பயன்படுத்தினால் நல்லது, இல்லாவிட்டால் அணைத்து வைப்பதே மேல்.

கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு

சந்தா கட்ட முடியாத மாணவர்களுக்கும் சிறு கடைகளுக்கும் கிம்ப் நல்ல கருவி, முற்றிலும் இலவசம். அதில் மூவ் டூலுக்கு எம் விசை. அதன் அமைப்பில் இரண்டு வழிகள் இருக்கும்: தொட்ட இடத்தில் உள்ள லேயரைப் பிடிப்பது, பேனலில் தேர்வான லேயரை மட்டும் நகர்த்துவது. இரண்டாவதையே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் ஆட்டோ செலெக்ட்டுக்குச் சொன்னதுதான். ஷிஃப்ட்டை அழுத்தியிருக்கும் வரை மற்ற வழிக்கு மாறிக்கொள்ளலாம். தேர்வான லேயரின் எல்லை, படத்தின் மேல் மஞ்சள் கோடாகத் தெரியும். தேர்வை நீக்க கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ. தலைகீழாக்க கண்ட்ரோலுடன் ஐ. பல லேயர்களைப் பேனலில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் முழுமையாகக் கிடைத்துவிட்டது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதற்காகவே மாறலாம். பிரவுசரிலேயே இயங்கும் ஃபோட்டோபியா, ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறக்கும். அதன் விசைகளும் பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பை ஒத்தவை.

அச்சுக்கு அனுப்பும் முன்

லேயர்களோடு கோப்பைச் சேமித்துவிட்டு, ஒரு நகலில் மட்டும் எல்லா லேயர்களையும் ஒன்றாக்குங்கள். ஒன்றாக்கும்போது மறைத்து வைத்த லேயர்கள் நீங்கிவிடும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேனலில் ஒவ்வொரு குழுவின் கண் சின்னத்தையும் ஒருமுறை அணைத்து ஒருமுறை போடுங்கள். முகமும் பெயரும் பட்டையும் சேர்ந்தே மறைந்து சேர்ந்தே தோன்ற வேண்டும். தோன்றியதும் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே பேனாவால் ஒரு கோடு. முகம் மறையும்போது பெயர் மட்டும் நின்றால் அது வேறு குழுவுக்குள் போய்விட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள். நான் தாய்மாமன் வரிசையிலிருந்து தொடங்குவேன். 34 பேருக்கும் கோடு போட்ட பிறகுதான் கோப்பு அச்சுக்கூடத்துக்குப் போகும்.